வன்னியில் பழைய கோயில், குளம், கல்வெட்டு: ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் ஆட்களின் முகம் மாறிவிடுகிறது. சனசமூக நிலையம், கமக்காரர் அமைப்புக் கூட்டம், கோயில் மடம் என்று எங்கே இந்தக் கதை எழும்பினாலும் வருகிற சந்தேகங்கள் அதேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். வன்னி என்று இங்கே நான் சொல்வது வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நான்கையும் சேர்த்துத்தான். வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தரணியிடம் போங்கள். இது அதற்கு ஈடாகாது.

பழசு எல்லாமே சட்டப்படி மரபுரிமைச் சின்னமோ? எத்தனை வருசம் ஆகவேணும்?

இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். 1998இல் பெரிய திருத்தம் ஒன்று வந்தது. அந்தச் சட்டம் வைத்திருக்கும் கோடு 1815 மார்ச் 2. அதற்கு முந்தியது என்று நம்பப்படும் கட்டிடம், கல்வெட்டு, இடிபாடு எல்லாம் புராதனச் சின்னம். அதற்குப் பிந்தியது என்றால் 100 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அமைச்சர் அரச வர்த்தமானியில் தனியாக அறிவிக்கவும் வேண்டும்.

1815 மார்ச் 2 கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள். எங்கள் மண்ணில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்றது அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தியே, 1803இல். ஆனாலும் வன்னியில் எது பழசு என்பதைக் கண்டியின் திகதிதான் தீர்மானிக்கிறது. சட்டம் அப்படி, என்ன செய்வது.

எங்கட ஊர்க் கோயில் 150 வருசத்துக்கு மேல பழசு. அப்ப அது தானா பாதுகாப்புக்குள்ள வந்திடும்தானே?

வராது. மேலே சொன்ன கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் வர்த்தமானி அறிவித்தல் வந்தால்தான் உண்டு. வயது மட்டும் போதாது.

பட்டியல்ல இருக்கோ இல்லையோ எண்டு எங்க பாக்கிறது?

வர்த்தமானியில். அதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம் என்றால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அங்கே வாயால் சொல்வதை நம்பித் திரும்பி வராமல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொல்பொருள் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது மூன்று: வர்த்தமானி இலக்கமும் திகதியும், நில அளவைப் பட இலக்கம், எத்தனை ஏக்கர். இந்த மூன்றும் கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வயலுக்குள்ள எல்லைக்கல்லு நட்டுப்போட்டுப் போயிட்டாங்கள். இனி விதைக்கலாமோ?

கல் நட்டதால் மட்டும் காணியின் சட்ட நிலை மாறிவிடாது. மூன்று விடயத்தை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். அரச காணியில் வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்ட தொல்பொருள் ஒதுக்கிடம் ஒன்று. தனியார் காணியில் இருந்தாலும் அறிவிக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட சின்னம் இன்னொன்று. மூன்றாவது, அளந்து, படம் எடுத்து, இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்று திணைக்களம் குறித்து மட்டும் வைத்திருக்கும் இடம். ஊரில் இந்த மூன்றுக்கும் "ஆர்க்கியோலொஜி காணி" என்று ஒரே பெயர். குழப்பம் தொடங்குவதே அதில்தான்.

முதல் வகை என்றால் அனுமதியில்லாமல் உழவோ, வெட்டவோ, கட்டவோ முடியாது. மூன்றாவது வகை என்றால் பயிர்ச்செய்கையை நிறுத்தச் சொல்ல ஒரு எழுத்து வேண்டும். அது வராதவரை விதைப்பை நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் கல்லைப் பிடுங்கி வரம்பில் போடாதீர்கள். கோபத்தில் செய்தாலும் அது உங்கள் மேல் வழக்காகத்தான் திரும்பி வரும்.

எங்கட உறுதிக் காணிக்குள்ள பழைய செங்கல்லும் தூணும் கிடக்கு. சொன்னா காணியைப் பறிச்சுப் போடுவாங்களோ?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். தனியார் காணியில் உள்ள சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பதும் காணியைச் சுவீகரிப்பதும் இரண்டு வேறு வேலைகள். அறிவித்தாலும் உறுதி உங்கள் பெயரில்தான் இருக்கும். மாறுவது என்னவென்றால், அந்தச் சின்னத்தைத் திருத்தவோ, இடிக்கவோ, அதோடு சேர்த்துக் கட்டவோ அனுமதி வேண்டும். அறிவித்தல் வந்தால் திகதியைப் பார்த்து, ஆட்சேபனையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்களிட்ட இருக்கிறது உறுதி இல்லை, பெமிற் தான். அதுக்கும் இதே கதையோ?

இல்லை, இங்கேதான் சிக்கல். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரக் காணி இன்னும் அரச காணிதான். அதனால் ஒதுக்கிடமாக அறிவிக்கிற அதிகாரம் அதன்மேல் செல்லும். குடியேற்றத் திட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிறவர்கள் இதை அறியாமலே இருக்கிறார்கள். தகுதி இருந்தால் அளிப்புப் பத்திரத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பயிர்ச்செய்கைப் பதிவு, மானிய உரத் துண்டு, பழைய வரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். போரில் பத்திரம் தொலைந்தவர்கள் பிரதேச செயலகக் காணிக் கிளையின் பேரேட்டுப் பிரதியைக் கேட்டு எடுக்கலாம்.

கிணறு வெட்டேக்க பானை ஓடும் மணியும் வருது. என்ன செய்யவேணும்?

வேலையை நிறுத்துங்கள். பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரக்காரருக்கு நாட்கூலி போகிறதே என்று இன்னும் இரண்டு வாளி அள்ளினால், பிறகு எதையும் அறிய முடியாமல் போய்விடும். வந்ததைக் கழுவ வேண்டாம். பானைக்குள் இருக்கும் மண்ணையும் கொட்ட வேண்டாம். குழியின் சுவரில் மண் நிறம் மாறுகிற இடம் தெரியும்: மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் சாம்பல் கோடு. ஓடு எந்த நிறத்துக்குள் கிடந்தது, தரையில் இருந்து எத்தனை அடி என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டத்தையோ தடியையோ வைத்துப் படம் எடுங்கள். பிறகு கிடுகால் மூடிவிட்டுக் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். மண்ணுக்குள் இருந்து வரும் தொல்பொருள் அரசுக்குரியது. காணி உங்களுடையது என்பதால் பொருளும் உங்களுடையதாகிவிடாது.

மணியையும் காசையும் வீட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் அது குற்றத்தில்தான் போய் முடியும்.

ஸ்கேனர் கொண்டுவந்து பாக்கிறவை இருக்கினம். புதையல் உண்மையா இருக்கோ?

நாலு மணி நேரத்தில் ஒரு இடத்தை நாசமாக்கிவிட்டுப் போகிற ஆட்கள் இவர்கள். பழைய விகாரை, கோயில் இடிபாடுகளில் சிலையின் பீடத்துக்குக் கீழே சதுரச் சதுரமாகக் குழி வெட்டிய கல் ஒன்று இருக்கும். பிரதிட்டை செய்யும்போது சிறு சிறு பொருட்களை வைத்த கல் அது. அதைத் தேடித்தான் சிலையையே புரட்டுகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை. உடைந்தது உடைந்ததுதான்.

அனுமதியில்லாமல் தோண்டினால் தண்டப்பணமும் சிறையும் உண்டு. 1998 திருத்தத்துக்குப் பிறகு பிணையும் இலேசில் கிடைக்காது. கூலிக்கு மண்வெட்டி பிடித்தவரும் அதே வழக்கில்தான் நிற்பார். இரவில் காட்டுப்பக்கம் பெக்கோச் சத்தம் கேட்டால் உடனே அறிவியுங்கள்.

மலையில எழுத்து வெட்டின கல்லு ஒண்டு இருக்கு. தெரியிறதுக்குச் சோக்கால கீறிப் படம் எடுக்கலாமோ?

வேண்டாம். சோக், மஞ்சள், எண்ணெய், மாவு எதுவுமே வேண்டாம். நீங்கள் கீறுகிற கோடு எழுத்தின் கோடாக இருக்காது. பிறகு வருகிறவர் உங்கள் கோட்டைத்தான் வாசிப்பார். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் சாய்ந்து விழும்போது போய்ப் பாருங்கள், மத்தியானம் தெரியாத எழுத்துத் தானாக எழும்பி நிற்கும். வெயில் படாத குகை என்றால் ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் சரி.

அது சிங்களக் கல்வெட்டோ தமிழ்க் கல்வெட்டோ? அதைச் சொல்லுங்கோ முதல்ல.

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் உள்ள கல்வெட்டுகளைப் பாருங்கள். கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துப் பிராமி எழுத்து, பிராகிருத மொழி. பௌத்தக் குகைகள் இருந்த இடம். அங்கே படிக்கட்டுச் செய்து கொடுத்தவன் விசாகன் என்ற தமிழ் வணிகன் என்று கல்லே சொல்கிறது. தொல்லியலாளர் பரணவிதான வாசித்துப் பதிப்பித்த கல்வெட்டு அது. ஒரு கல்லுக்குள் இவ்வளவும் இருக்கும்போது இது யாருடையது என்று ஒரு வரியில் பதில் கேட்டால் என்ன சொல்வது? எழுத்தை வாசிக்கத் தெரிந்தவரிடம் படத்தைக் கொடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

கோயில் திருப்பணிக்கு வெளிநாட்டுக் காசு வந்திருக்கு. பழைய மண்டபத்தை இடிச்சுக் கொங்கிறீற்றில கட்டலாம்தானே?

அறிவிக்கப்பட்ட சின்னம் என்றால் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் ஒரு கல்லையும் அசைக்க முடியாது. அறிவிக்கப்படாத கோயில் என்றால் சட்டம் பெரும்பாலும் குறுக்கே வராது. எனக்குக் கவலையே அதுதான். ஷெல்லுக்குத் தப்பி நின்ற சுண்ணாம்புச் சுவரும் கருங்கல் தூணும் கும்பாபிஷேகத்துக்குத் தப்பாமல் போனதை வன்னியில் பல ஊரில் பார்க்கலாம். ரைல்ஸ் பதித்து, எனாமல் பெயின்ற் அடித்து, பழைய தூணைக் கேணிக்கரையில் உடுப்புத் தோய்க்கிற கல்லாகப் போட்டு விடுகிறோம். பிறகு எங்கள் கோயில் ஆயிரம் வருடம் பழையது என்று மேடையில் பேசுகிறோம்.

பாலஸ்தாபனத்துக்கு முந்தி ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சுவரையும் நேரே நின்று படம் எடுங்கள். நீளம், அகலம், தூணின் எண்ணிக்கை எழுதுங்கள். கழற்றுகிற கல்லுக்கு இலக்கம் போட்டு வீதிக்குள்ளேயே ஒரு கொட்டிலில் வையுங்கள். கர்ப்பக்கிரகத்தையாவது பழையபடி விட முடியுமா என்று சபையில் கேளுங்கள். காசு கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

வெடிப்புக்குச் சீமெந்து பூசினா என்ன பிழை? பலம்தானே?

பலம் கூடினதுதான் பிழை. பூநகரிக் கோட்டை, மன்னார்க் கோட்டை போன்றவை முருகைக்கல்லும் (பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரத்தோடு உப்பும் சேர்ந்து, பூச்சுக்குப் பின்னால் இருக்கிற கல்லை மாவாக்கிவிடும். சில மாரி கழிய, சீமெந்து பலகையாகக் கழன்று விழும்போது கல்லையும் கூட்டிக்கொண்டு விழும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான்.

குளம் புனரமைக்கிற திட்டத்தில பழைய துருசுக் கல்லைத் தூக்கி எறியிறாங்கள். ஆரிட்டச் சொல்லுறது?

80 ஹெக்டேயருக்கு உட்பட்ட நிலத்துக்குப் பாய்ச்சும் சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதற்கு மேல் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது மாகாணத் திணைக்களம். ஒப்பந்தக்காரரோடு கட்டில் நின்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. வேலை தொடங்க முந்தி நடக்கும் கமக்காரர் கூட்டத்தில், பழைய துருசையும் (தண்ணீர் திறக்கும் மதகு) அலைகரைக் கற்களையும் இருந்த இடத்திலேயே விட வேண்டும், முடியாவிட்டால் கட்டுக்குப் பக்கத்தில் அடுக்க வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். குறிப்பில் ஏறினதை ஒப்பந்தக்காரர் மதிப்பார்.

வன்னியின் பெரிய மரபுரிமை எது என்று கேட்டால் நான் கோட்டையைச் சொல்லமாட்டேன், குளத்தைத்தான் சொல்வேன். வவுனிக்குளத்தையும் கட்டுக்கரையையும் பற்றி ஆங்கிலேய நீர்ப்பாசன அலுவலர் ஹென்றி பாக்கர் 1909இலேயே வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் பெயர்ப்பலகை நடும்போது குளத்துக்கு யாரும் நடுவதில்லை.

கிரவல் வெட்டுற இடத்தில என்ன மரபுரிமை? வெறும் மண்தானே?

இரணைமடுவைச் சுற்றிய சிவப்பு மண்ணும் அதன் அடியில் உள்ள சரளையும் கற்கால மனிதரின் கல்லாயுதங்கள் கிடைக்கிற படை. இலங்கைத் தொல்லியலில் இந்த வகைப் படிவுக்கே இரணைமடுப் படிவம் என்றுதான் பெயர். அதாவது கிரவலுக்காக நாங்கள் தேடி வெட்டுகிற மண்தான் ஆய்வாளர் தேடுகிற மண்ணும். குறித்த வகைத் திட்டங்களுக்குத் தொல்லியல் பாதிப்பு மதிப்பீடு வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஒழுங்குவிதி வந்தது. அகழ்வுக்கு அனுமதி எடுத்திருக்கிறோம் என்று யாராவது பத்திரத்தைக் காட்டினால், அந்த மதிப்பீடு நடந்ததா என்று சேர்த்துக் கேளுங்கள்.

சின்னத்துக்குப் பக்கத்தில வீடு கட்டேலாதாமே?

பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் இருந்து 400 யார் தூரத்துக்குள் கட்டிடம், கல்லுடைப்பு, வெடிவைப்பு ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாடு என்றால் தடை என்று அர்த்தமில்லை. பிரதேச சபையில் வீட்டுப் படத்தைக் கொடுக்கும்போது தொல்பொருள் திணைக்களத்தின் சம்மதத்தையும் இணைக்க வேண்டும். அத்திவாரம் போட்ட பிறகு ஓடித்திரிவதைவிட முந்திக் கேட்பது சுகம்.

மன்னார் அரிப்பு ஊரில கடல் அல்லிராணிக் கோட்டையை விழுங்குது. சட்டம் என்ன செய்யும்?

ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்வது ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. செங்கல் தூணும் சுண்ணாம்புப் பூச்சும் பாதி நிற்கிறது. கரை இடிய இடிய மற்றப் பாதி மணலில் விழுந்து கிடக்கிறது. 1815க்கு முந்தியது என்பதால் சட்டம் தாராளமாக இருக்கிறது. கடலுக்கு வர்த்தமானி தெரியாது. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் கல்லணை போடாமல் தொல்பொருள் திணைக்களம் தனியே எதையும் நிறுத்த முடியாது.

மரத்தையும் பாதுகாக்கலாமோ?

முடியும், சட்டத்தில் மரத்துக்கும் இடம் உண்டு. மன்னார் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் போய்ப் பாருங்கள்: சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அதன் தண்டில் பெயர் வெட்டியிருக்கிற காதலர்களைத்தான் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தொல்லியல் இடத்தில பொங்கலாமோ? குருந்தூர்மலை, வெடுக்குநாறியில ஏன் பிரச்சினை?

குருந்தூர்மலை 1933ஆம் ஆண்டு வர்த்தமானியிலேயே வந்த இடம். அங்கே பௌத்த இடிபாடும் உண்டு, ஊரார் வழிபட்ட ஆதிசிவன் ஐயனாரும் உண்டு. 2022 ஜூலையில் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் புதிய கட்டுமானங்களை நிறுத்தும்படி கட்டளையிட்டது. வவுனியா வடக்கில் உள்ள வெடுக்குநாறிமலையில் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைக்கப்பட்டன. நீதிமன்றக் கட்டளைக்குப் பிறகு மீண்டும் வைக்கப்பட்டன. 2024 சிவராத்திரி அன்று அங்கே எட்டுப் பேர் கைது செய்யப்பட்டுப் பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள்.

இடம் தொல்பொருள் ஒதுக்கிடம் என்பதால் மட்டும் வழிபாடு குற்றமாகாது. தோண்டுவதும், புதிதாகக் கட்டுவதும், பழைய கல்லை மாற்றி வைப்பதும்தான் குற்றம். அந்த விதி எந்தச் சமயத்தார் கட்டினாலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை என்பதுதான் ஊராரின் குற்றச்சாட்டு, அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பொங்கப் போகிறவர்கள் கல்லுக்கு மேல் அடுப்பு மூட்டாமல் வெளியே மணலில் மூட்டுங்கள். நீதிமன்றக் கட்டளையின் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.

அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. ஒண்டையும் சொல்லாம விட்டா எங்களுக்கு நிம்மதி இல்லையோ?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கு ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, அந்த மாகாணத்தில் பெரும்பான்மையாக இருக்கிற தமிழரிலும் முஸ்லிம்களிலும் ஒருவரைக்கூட அதில் முதலில் போடவில்லை. அதைப் பார்த்த வன்னிச் சனம் பயப்படாமல் என்ன செய்யும்?

ஆனால் ஒளிப்பதால் இடம் தப்புவதில்லை. சொல்லாமல் விட்ட இடத்துக்கு முதலில் ஸ்கேனர்காரர் வருகிறார், பிறகு கிரவல் லொறி வருகிறது. இரண்டும் வராவிட்டால், முதலில் வந்து எழுதுகிறவர் எழுதுவதே அந்த இடத்தின் வரலாறாகிவிடுகிறது. எங்கள் கையில் திகதி போட்ட ஒரு படமும் இல்லாமல் அதை எப்படி மறுப்பது? கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லி ஆங்கிலேயர் நட்ட கல்லை 2010இல் உடைத்தார்கள். வாசகம் தப்பியது, அதை முந்தியே எழுதியும் படம் எடுத்தும் வைத்திருந்தவர்களால்.

ஆகவே அறிவியுங்கள், வெறும் கையோடு போகாதீர்கள். முதலில் கிணற்றுப் பதிலில் சொன்னமாதிரி படமும் அளவும் எடுங்கள். இடத்தைப் பற்றி ஊரில் வயது போனவர்கள் சொல்வதைக் குரல்பதிவு செய்யுங்கள். என்ன பெயர், எப்ப பொங்கினது, ஆர் பூசை செய்தது என்று கேளுங்கள். கடிதத்தை நாலு பிரதி எடுத்துத் திணைக்களத்துக்கு ஒன்று, பிரதேச செயலாளருக்கு ஒன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர்களுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, நாலாவதைச் சனசமூக நிலையத்து அலுமாரியில் வையுங்கள். மன்னார் கட்டுக்கரையில் ஐயனார் வழிபாட்டுச் சுடுமண் உருவங்கள் அகழ்ந்து எடுக்கப்பட்டது பேராசிரியர் புஷ்பரட்ணம் தலைமையில்தான். எங்கள் ஆட்களும் ஆய்வுக் குழிக்குள் இறங்கலாம் என்பதற்கு அது போதும்.

படத்தை பேஸ்புக்கில போட்டா நாலு பேருக்குத் தெரியவரும்தானே?

அந்த நாலு பேரில் ஒருவர் ஸ்கேனர் வைத்திருப்பார். படத்தைப் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். கைத்தொலைபேசியில் இடக்குறியை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். ஊர்ப் பெயரையும் பின்னால் தெரிகிற மலையையும் தவிருங்கள். இடக்குறியோடு எடுத்த பிரதி மேலே சொன்ன நாலு கடிதத்துக்கு மட்டும்.

காட்டுக்குள்ள இருக்கிற இடத்தைப் பதிய நாங்களே போகலாமோ?

முதலில் மிதிவெடி அகற்றிய பகுதியா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் அதற்கு அப்பால் போக வேண்டாம், பழைய பாதை தெரிந்தாலும் வேண்டாம். வனவளத் திணைக்களத்தின் காடு என்றால் அவர்களிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் கத்தியோடு பிடிபட்டவர் மரம் வெட்ட வந்தவர் ஆகிவிடுவார். மாரிக்கு முந்தி, ஆவணி புரட்டாதியில், பற்றை காய்ந்திருக்கும்போது போனால் கல் கண்ணுக்குத் தெரியும். தனியே போகாதீர்கள், யானை இருக்கிறது.